பூட் மெனு: முதல் திரை யாருக்குச் சொந்தம்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டும்தான் என்று வகுப்பில் நான் சொன்னதில்லை. நாம் தினமும் தொடுகிற பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று எடுத்துக்கொண்டிருப்பது, கணினியைத் திறந்ததும் சில நொடிகள் வந்து மறையும் ஒரு சின்னப் பட்டியல். ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். "உனக்கு இன்று எது வேண்டும்?" என்று அது கேட்கும். அதன் பெயர் பூட் மெனு.

நேற்று வரை கேட்ட அந்தப் பட்டியல் ஒரு நாள் காலையில் காணாமல் போகும். கேள்வியே இல்லாமல் நேரே விண்டோஸ் வந்து நிற்கும். அல்லது கறுப்புத் திரையில் ஓரிரு ஆங்கிலச் சொற்கள் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் நெஞ்சு திக்கென்று அடிக்கும். "போச்சா? எல்லாம் அழிஞ்சு போச்சா?"

பெரும்பாலும் ஒன்றும் அழிந்திருக்காது. ஊரின் பெயர்ப்பலகையை யாரோ கழற்றி வேறு பலகை மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். ஊர் அங்கேயே இருக்கிறது. பலகை ஏன் இவ்வளவு எளிதாகக் கழன்றுபோகிறது, அதை மாட்டும் உரிமை யாருக்கு என்பதற்கெல்லாம் நாற்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

பூட் என்ற சொல்

ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்பது காலணியின் பின்புறம் இருக்கும் வார். தன் காலணி வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வது என்று அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு. நடக்காத காரியம். ஆனால் கணினி தினமும் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. மின்சாரம் வந்த நொடியில் அதன் நினைவகம் வெறுமை. வட்டிலிருந்து நிரலை எடுத்து ஓட்ட ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை எடுக்க? அதற்கும் ஒரு நிரல் வேண்டும். எங்கோ ஓரிடத்தில், மிகச் சிறியதாக, ஒரு தொடக்கம் இருந்தே ஆக வேண்டும்.

தமிழில் பூட்டு என்றால் அடைப்பது. ஏர் பூட்டுவது என்றால் வேலையைத் தொடங்குவது. ஒலி ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் இந்தக் கதையில் இரண்டு பொருளும் வரப்போகிறது.

1975-இல் வந்த ஆல்டேர் 8800 என்ற கணினியில் அந்தத் தொடக்கத்தை மனிதன் கையாலேயே ஊட்ட வேண்டும். முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகள். மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் பூஜ்யம். ஒவ்வொரு கட்டளையையும் இப்படித் தள்ளித் தள்ளி ஏற்ற வேண்டும். மைக்ரோசாஃப்டின் இரு நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன், தாங்கள் எழுதிய பேசிக் மொழியை அந்தக் கணினியில் ஓட்டிக் காட்ட அல்புகர்க்கி நகருக்கு விமானத்தில் போனார். பேசிக்கை ஏற்றுவதற்கான தொடக்க நிரலை எழுதவே இல்லை என்பது விமானம் இறங்கும் நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. இருக்கையில் உட்கார்ந்தபடியே தாளில் எழுதினார். போய் ஏற்றிப் பார்த்தார்கள். ஓடியது.

446 பைட் திண்ணை

1983 மார்ச் மாதம் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி என்ற கணினியை வெளியிட்டது. உள்ளே 10 மெகாபைட் வன்வட்டு. இன்று கைபேசியில் எடுக்கும் நாலைந்து படங்களுக்கே அது போதாது. அன்று அது பெரிய கிடங்கு. அதோடு வந்த டாஸ் 2.0 பதிப்பில், வட்டைப் பல பாகங்களாகப் பிரிக்கும் முறை அமைந்தது. ஒரே வட்டில் வெவ்வேறு இயங்குதளங்கள் குடியிருக்கலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து.

வட்டின் முதல் பிரிவு 512 பைட் அளவு. அதற்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்பிஆர் என்று பெயர். அந்த 512-இல் கடைசி 2 பைட் அடையாள முத்திரை. அதற்கு முன்னால் 64 பைட்டில் வட்டுப் பாகங்களின் அட்டவணை: ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கு பாகம். மிச்சம் 446 பைட். தொடக்க நிரலுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இன்றைய யூனிகோடு தமிழில் மூன்று திருக்குறள் எழுதினால் அந்த இடம் ஏறக்குறைய நிரம்பிவிடும்.

பிள்ளைகளே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. வீட்டில் நான்கு அறை. நான்கு குடித்தனம் இருக்கலாம். ஆனால் வாசல் திண்ணை ஒன்றே ஒன்று. அதில் ஒருவர்தான் உட்காரலாம். யார் கடைசியாக வந்து உட்கார்ந்தாரோ அவர்தான் வருகிறவர்களுக்கு வழி சொல்வார். முன்பு உட்கார்ந்திருந்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை, நிறுவும்போது இந்தத் திண்ணையில் இருப்பவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துகொள்ளும். கேட்கவும் கேட்காது. அதன் பிறகு லினக்ஸ் இருக்கும் அறைக்கு வழி சொல்ல ஆள் இல்லை. அறையும் அதிலுள்ள பொருளும் அப்படியே இருக்கும். மெனு காணாமல் போவதன் பழைய காரணம் இதுதான்.

லிலோ, கிரப்

1991-இல் லினக்ஸ் வந்தது. அதை முயன்று பார்த்தவர்களில் பெரும்பாலோரின் கணினியில் ஏற்கெனவே டாஸ் இருந்தது. இரண்டுக்கும் வழி காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ அந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தது. லினக்ஸின் கருவான கெர்னல் வட்டில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று அது எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றினால் லிலோவை மறுபடி ஓட்டிப் புதிய எண்களைக் குறிக்க வைக்க வேண்டும். மறந்தால் கணினி எழாது.

லிலோவில் ஓர் அழகான பழக்கம் உண்டு. தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் போடும். 'எல்' மட்டும் வந்து நின்றால் முதல் கட்டத்தோடு நின்றது. 'எல் ஐ' வந்து நின்றால் இரண்டாம் கட்டம் ஏறியும் ஓடவில்லை. பரீட்சைத் தாளில் எந்த வரி வரை சரியாக எழுதினான் என்று பார்த்து மதிப்பெண் போடுவது போல, எழுத்துகளை எண்ணியே கோளாறைக் கண்டுபிடித்தார்கள்.

1995-இல் எரிக் போலின் என்பவர் கிரப் என்ற நிரலை எழுதத் தொடங்கினார். குனு திட்டத்தின் ஹர்ட் இயங்குதளத்தை எழுப்புவதற்காகத் தொடங்கிய வேலை அது. இயற்பியலில் எல்லா விசைகளையும் ஒன்றாக்கும் பெருங்கோட்பாட்டின் ஆங்கிலப் பெயரைக் கிண்டலாக எடுத்துச் சூட்டிய பெயர் அது. 1999-இல் கார்டன் மாட்ஸிக்கைட், யோஷினோரி ஒகுஜி இருவரும் அதைக் குனு திட்டத்தின் அதிகாரபூர்வ நிரலாக ஏற்று வளர்த்தார்கள். இன்று உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பெரும்பாலான லினக்ஸ்களில் நாம் பார்ப்பது அதற்குப் பின் புதிதாக எழுதப்பட்ட கிரப் 2.

லிலோவுக்கும் கிரப்புக்கும் உள்ள வித்தியாசம், மனப்பாடம் செய்த பையனுக்கும் புரிந்துகொண்ட பையனுக்கும் உள்ள வித்தியாசம். கிரப் வட்டின் கோப்பு அமைப்பைத் தானே படிக்கும். கோப்பு இடம் மாறினாலும் பெயரைச் சொன்னால் தேடிக் கண்டுபிடிக்கும். ஆனால் 446 பைட்டில் இவ்வளவு அறிவை அடைக்க முடியாது. அதனால் ஒரு சிறு துண்டு திண்ணையில், அடுத்த துண்டு அதை ஒட்டிய காலி இடத்தில், மீதி லினக்ஸ் இருக்கும் பாகத்தில் என்று மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்தது.

சிலர் "லினக்ஸ் வேண்டாம்" என்று விண்டோஸிலிருந்தே அந்தப் பாகத்தை அழித்துவிடுவார்கள். திண்ணையில் இருக்கும் துண்டு தன் மற்ற பாதியைத் தேடும், கிடைக்காது. "கிரப் ரெஸ்க்யூ" என்று எழுதிவிட்டு நின்றுவிடும். விண்டோஸ் அழிந்துவிட்டதாக நினைத்து அழுதவர்கள் உண்டு. அதுவும் அழியவில்லை. வழிகாட்டி மட்டும்தான் நினைவு தப்பி நிற்கிறான்.

மறைக்கப்பட்ட மெனு

இப்போது கதையின் மையத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னது தொழில்நுட்பம். இனி அதிகாரம்.

ஆப்பிள் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்த ஜான் லூயி கஸே, வெளியேறி பீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். படம், ஒலி, காணொளி வேலைகளுக்கு அது அந்தக் காலத்தில் வியக்கத்தக்க வேகம். தன் கணினியில் விண்டோஸோடு பீஓஎஸ்ஸையும் சேர்த்து விற்க ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் முன்வந்தது. ஃப்ளோரா பிரியஸ் என்பது அந்தக் கணினியின் பெயர்.

கணினி கடைக்கு வந்தது. பீஓஎஸ்ஸும் உள்ளே இருந்தது. ஆனால் பூட் மெனு இல்லை. திறந்தால் நேரே விண்டோஸ். வாங்கியவர் பீ நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், அங்கே சொன்ன வழிமுறைகளைப் பின்பற்றித்தான் தன் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பீஓஎஸ்ஸை எழுப்ப முடியும். வீட்டுக்குள் ஓர் அறை இருப்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாத நிலை.

ஏன் இப்படி? கணினி தயாரிப்பாளர்களோடு மைக்ரோசாஃப்ட் செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களே, இன்னொரு இயங்குதளத்தைக் காட்டும் மெனுவைத் தடுத்தன என்பது பீ நிறுவனத்தின் குற்றச்சாட்டு. அதற்குள் பீ நிறுவனம் நொடித்துவிட்டது. 2001-இல் அதன் தொழில்நுட்பத்தைப் பாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2002 பிப்ரவரியில் பீ வழக்குத் தொடுத்தது. 2003 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்தது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? சில நொடி வந்து மறையும் ஒரு பட்டியலுக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். மெனுவில் பெயர் இல்லாத இயங்குதளம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாங்கியவருக்கு இல்லாததுதான். வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாத வேட்பாளர் மாதிரி.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தொடக்க ஆண்டுகளில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, தமிழிலும் பயன்படுத்தக்கூடிய இயங்குதளம் அது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் திறந்த சொந்தக் கணினியே இரண்டு வாசல் கொண்டதாக இருந்தது. விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொண்டபோது, அந்த இரண்டாம் வாசல் இருந்த இடமே தெரியாமல் போனது பலருக்கு.

திண்ணை போய்க் காவல்காரர் வந்தார்

எம்பிஆர் முறைக்கு வயதாகிவிட்டது. அதன் அட்டவணையால் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. இண்டெல் நிறுவனம் தொடங்கிய புதிய முறையை 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த ஓர் அமைப்பு ஏற்றுக்கொண்டு யூஇஎஃப்ஐ என்று பெயரிட்டது. ஒற்றைத் திண்ணைக்குப் பதிலாக, வட்டில் ஒரு சிறு பாகமே பொதுக்கூடமாக ஒதுக்கப்பட்டது. விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை என்று எல்லோரும் அதில் சேர்ந்தே இருக்கலாம். யாரை முதலில் அழைப்பது என்ற வரிசைப் பட்டியல் மட்டும் கணினியின் தாய்ப்பலகையில் இருக்கும்.

இது நல்ல முன்னேற்றம். இப்போதெல்லாம் மெனு காணாமல் போனால், பெரும்பாலும் யாரும் யாரையும் அழிக்கவில்லை. வரிசையில் முன்னே போய் நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட் என்ற காவலும் வந்தது. கையொப்பமிட்ட தொடக்க நிரலை மட்டுமே அது உள்ளே விடும். வைரஸ்கள் கணினி எழும் முன்பே புகுவதைத் தடுக்க இது தேவைதான். ஆனால் பெரும்பாலான கணினிகளில் பதிந்து வருவது மைக்ரோசாஃப்டின் சாவி. லினக்ஸ் என்ன செய்யும்? ஷிம் என்ற சிறு நிரலை எழுதி, அதற்கு மைக்ரோசாஃப்டிடம் கையொப்பம் வாங்கி, அதன் வழியாக கிரப்பை அழைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மேத்யூ காரெட் அதில் முக்கியமானவர். வழக்கமான பிசிக்களில் உரிமையாளர் விரும்பினால் இந்தக் காவலை நிறுத்தலாம் என்பதை மைக்ரோசாஃப்டே அப்போது விதியாக வைத்தது. அதே காலத்தில் வந்த விண்டோஸ் ஆர்டி கணினிகளில் நிறுத்தும் வழி கிடையாது.

2020 ஜூலையில் கிரப்பிலேயே பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. பழைய, ஓட்டையுள்ள பதிப்புகளைத் தடுக்கப் பதிப்பு எண் பார்க்கும் முறை ஒன்று அதன் பிறகு உருவானது. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்பு அந்தத் தடையைக் கொண்டுவந்தது. இரட்டை பூட் கணினிகளை அது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பல கணினிகளில் தொட்டுவிட்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. அப்போதும் லினக்ஸ் அழியவில்லை. வாசற்காவலர் அடையாள அட்டை பழையது என்று திருப்பி அனுப்பினார்.

அப்படியானால் என்ன செய்வது?

என் பழைய மாணவி ஒருத்தியின் முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதும் லினக்ஸ் பக்கம் இருந்தது. மெனு காணவில்லை. கடையில், "எல்லாம் போச்சும்மா, ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் கொடுக்காமல் எனக்கு ஃபோன் செய்து, "சார், நாலு வருஷ உழைப்பு சார்" என்றாள். கணினித் துறையில் இருக்கும் இன்னொரு மாணவனோடு அவளை இணைத்துவிட்டேன். அவன் ஃபோனிலேயே சொல்லச் சொல்ல, வரிசையை மாற்றினாள். ஒரு கோப்பும் போகவில்லை. ஃபார்மட் செய்திருந்தால்?

அதனால் இவற்றை மனத்தில் வையுங்கள்:

1. நேரே விண்டோஸ் வருகிறதா? கணினியைத் திறக்கும்போது எஃப் 2, எஃப் 12, எஸ்கேப், டெலீட் இவற்றில் உங்கள் கணினிக்கு உரிய விசையை அழுத்தி, பூட் வரிசைக்குப் போங்கள். அங்கே உபுண்டு போன்ற பெயர் இருந்தால் அதை மேலே கொண்டுவந்து சேமியுங்கள். பலருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

2. பெயரே இல்லையா, அல்லது பழைய எம்பிஆர் முறைக் கணினியா? லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் திறக்கலாம். உங்கள் கோப்புகள் பத்திரமாக இருப்பது அங்கேயே தெரியும். முதலில் அவற்றை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். பிறகு பூட்-ரிப்பேர் என்ற இலவச நிரலையோ, தெரிந்தவர் துணையோடு கிரப்-இன்ஸ்டால் கட்டளையையோ ஓட்டினால் மெனு திரும்பும். பழைய நிறுவல் யூஇஎஃப்ஐ முறை என்றால் பென் டிரைவையும் அதே முறையில் திறக்க வேண்டும்.

3. லினக்ஸ் வருகிறது, மெனுவில் விண்டோஸ் இல்லையா? 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் பகுதியைப் பாதுகாப்பு கருதி இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள்.

4. லினக்ஸ் பாகத்தை நீங்களே அழித்தபின் "கிரப் ரெஸ்க்யூ" வருகிறதா? விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் உள்ள பழுதுநீக்கும் பகுதியால் விண்டோஸின் தொடக்கத்தைத் திரும்ப எழுதலாம்.

5. செக்யூர் பூட் போன்றவற்றில் கை வைக்கும் முன், விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் உங்கள் வட்டு உங்களுக்கே திறக்காது.

யாராவது ஃபார்மட் என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அழிந்தது கோப்பா, வழியா?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

1983-இல் நான்கு பேர் குடியிருக்கலாம் என்று கட்டிய வீட்டில், வாசலுக்காக நாற்பது ஆண்டாகப் போட்டி நடக்கிறது. அதில் வென்றவர்களும் தோற்றவர்களும் பெரிய நிறுவனங்கள். வீட்டுக்காரர் நாம். வாசல் எப்படித் திறக்கிறது என்று நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் அனுபவங்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள், மற்றவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.